கேஒய்சி: விலைப்பட்டியலில் தெரியும் செலவும் பின்னால் வந்து சேரும் செலவும்

நகைக்கடன், சிறுகடன், வாகனக்கடன் தரும் சிறிய என்பிஎஃப்சிகள் (வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள்) கேஒய்சி முறையை, அதாவது வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கும் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் ஒரு தாளைத்தான் பார்க்கின்றன. அது சரிபார்ப்பு மென்பொருள் விற்கும் வெண்டர் அனுப்பும் விலைப்பட்டியல். ஆதார் ஓடிபிக்கு இவ்வளவு, பான் சரிபார்க்க இவ்வளவு, ஒரு வீடியோ அழைப்புக்கு இவ்வளவு என்று அதில் வரிசையாக இருக்கும். குறைந்த தொகையைப் பார்த்து ஒப்பந்தம் போடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வெண்டர் பில் சொன்னபடியேதான் வந்திருக்கும். ஆனால் சரிபார்ப்புப் பிரிவில் மூன்று பேர் கூடுதலாக உட்கார்ந்திருப்பார்கள், பாதியில் நின்ற விண்ணப்பங்கள் குவிந்திருக்கும், ஆடிட்டர் நூறு கோப்புகளைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

விலைப்பட்டியல் ஒரு முயற்சிக்கான விலையைச் சொல்கிறது. நிறுவனம் செலவழிப்பது முழுமையாகத் தேறிய ஒரு வாடிக்கையாளருக்காக. அந்தக் கோப்பு அடுத்த ஆய்விலும் நிற்க வேண்டும், கடன் முடிந்து ஐந்து ஆண்டு வரை எடுத்துக் காட்டவும் முடிய வேண்டும். இந்த இரண்டு விலைக்கும் நடுவே பல மடங்கு வித்தியாசம் வருவது சாதாரணம்.

இங்கே ஒப்பிடுவது ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் நிறுவனங்களுக்கான வழிகளை. கறுப்புப் பண மாற்றத் தடுப்புச் சட்டம் 2002 (பிஎம்எல்ஏ), ரிசர்வ் வங்கி 2016இல் வெளியிட்டுப் பலமுறை திருத்தி 2025 நவம்பரில் தொகுத்து மறுபடி வெளியிட்ட கேஒய்சி நெறிமுறை ஆகிய இரண்டும்தான் அடிப்படை. காப்பீடு, பங்குச்சந்தைத் துறைகளுக்கு விதிகள் சற்று வேறு.

## முதலில், எதை வைத்து ஒப்பிடுவது?

சட்டம் எதுவரை அனுமதிக்கிறது. எல்லா கேஒய்சியும் ஒன்றல்ல. சில வழியில் வந்தவருக்கு எந்தத் தொகையும் தரலாம், இதுவே முழு கேஒய்சி. சில வழியில் வந்தவருக்கு உச்சவரம்பு உண்டு, ஓராண்டுக்குள் மீண்டும் சரிபார்க்கவும் வேண்டும். இதைப் பார்க்காமல் விலையை ஒப்பிடுவது வீண்வேலை.

தொடங்கிய நூறு பேரில் எத்தனை பேர் முடிக்கிறார்கள். பாதியில் விட்டவருக்கான விளம்பரச் செலவு, ஏஜெண்ட் கமிஷன், குறுஞ்செய்திச் செலவு எல்லாம் முடித்தவர் கணக்கில்தான் ஏறும்.

மனிதர் செலவிடும் நிமிடங்கள். மாதம் 25,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஊழியர் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்தால் அவருடைய ஒரு நிமிடம் சுமார் 2 ரூபாய். 37,500 ரூபாய் வாங்கும் மேலதிகாரியின் நிமிடம் 3 ரூபாய். இந்த இரண்டு எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்கத் தேவைப்படும்.

நிலையான செலவு. சர்வர், பாதுகாப்புச் சோதனை, ஆடிட், உரிமம் ஆகியவற்றுக்கு வாடிக்கையாளர் ஒருவர் வந்தாலும் ஒரு லட்சம் பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒரே தொகைதான்.

பின்னால் வரும் செலவு. மறு கேஒய்சி, ஆவணப் பாதுகாப்பு, தரவு கசிந்தால் வரும் அபராதம். இடர் அதிகமுள்ளவர் என்று வகைப்படுத்தியவருக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும், நடுத்தரமானவருக்கு 8 ஆண்டுக்கு ஒருமுறையும், குறைந்தவருக்கு 10 ஆண்டுக்கு ஒருமுறையும் கேஒய்சியைப் புதுப்பிக்க வேண்டும். எந்த வழியில் சேர்த்தீர்கள் என்பதே சில நேரம் இந்த வகையைத் தீர்மானித்துவிடும்.

| வழி | சட்ட வரம்பு | வெளியே தெரியும் செலவு | மறைந்திருக்கும் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| கிளையில் ஒரிஜினல் பார்ப்பது | வரம்பு இல்லை | ஜெராக்ஸ், படிவம் | ஊழியர் நேரம், கோப்புக் கிடங்கு, ஆதார் எண்ணை மறைத்தல் | நகைக்கடன் கிளைகள் |
| ஆதார் கைரேகை அல்லது முகம் (நேரில்) | வரம்பு இல்லை | சில ரூபாய் | உரிமம், கருவி, ஆண்டு ஆடிட், தேயும் ரேகை | பல கிளை உள்ள நிறுவனங்கள், குழுக்கடன் |
| ஆதார் ஓடிபி (நேரில் வராமல்) | கடன் 60,000 ரூபாய், ஓராண்டு | சில ரூபாய் | ஓராண்டுக்குள் மறுபடி முழு கேஒய்சி | ஓராண்டுக்குள் முடியும் சிறுகடன் |
| டிஜிலாக்கர், அரசின் மின்னணு ஆவணப் பெட்டகம் (நேரில் வராமல்) | இடர் அதிகமுள்ளவர் வகை | மிகக் குறைவு | கூடுதல் கண்காணிப்பு, முகவரி உறுதி | வீடியோவுக்கு முந்தைய படி |
| சிகேஒய்சி (மையக் கேஒய்சி பதிவேடு) | நேரில் வந்தால் வரம்பு இல்லை | ஓரிரு ரூபாய் | பழைய, மங்கிய பதிவுகள் | எல்லா இடத்திலும் முதல் படி |
| வீடியோ கேஒய்சி | வரம்பு இல்லை | ஓர் அழைப்புக்குக் கட்டணம் | அதிகாரி நேரம், வராத அழைப்பு, கட்டமைப்பு | மாதம் ஆயிரக்கணக்கில் ஆன்லைன் வாடிக்கையாளர் |

## கிளையில் ஒரிஜினல் பார்த்துச் சரிபார்ப்பது

பழைய முறை என்று பலர் ஒதுக்குவது இதைத்தான். வாடிக்கையாளர் எப்படியும் நகையோடு கிளைக்கு வரப்போகிறார் என்றால் எல்லா வழியிலும் செலவு குறைந்தவற்றுள் இது ஒன்று.

கணக்கு இப்படி வரும். படிவம் நிரப்ப, ஒரிஜினலோடு ஒப்பிட, ஸ்கேன் செய்ய, கணினியில் ஏற்ற ஊழியருக்கு 20 நிமிடம், அதாவது 40 ரூபாய். ஜெராக்ஸ் ஆறு பக்கத்துக்கு 12 ரூபாய். மேலதிகாரி பார்த்துக் கையெழுத்திட 3 நிமிடம், 9 ரூபாய். மொத்தம் 61 ரூபாய். வந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருமே முடித்துவிடுவதால் விட்டுப்போனவர் செலவு இதில் ஏறாது.

ஏற்கத்தக்க ஆவணங்கள் பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆதார் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம் ஆகியவை. பான் கார்டு இந்தப் பட்டியலில் கிடையாது. அது தனியாக வேண்டும், இல்லாதவரிடம் பான் இல்லை என்று அறிவிக்கும் படிவம் வாங்க வேண்டும். ரேஷன் கார்டும் பட்டியலில் இல்லை. இன்னமும் சில கிளைகள் ரேஷன் கார்டு நகலை வாங்கிக் கோப்பில் வைக்கின்றன. ஆய்வில் அதற்கு மதிப்பு இல்லை.

மறைமுகச் செலவு மூன்று இடத்தில் இருக்கிறது. முதலாவது முகவரி. திருப்பூருக்கு வேலைக்கு வந்தவரின் ஆதாரில் ஊர் முகவரி இருக்கும். இரண்டு மாதத்துக்கு மேற்படாத மின்கட்டண ரசீதை வைத்து இப்போதைக்கு ஏற்கலாம். ஆனால் புதிய முகவரியோடு கூடிய ஆவணத்தை 3 மாதத்துக்குள் வாங்கியாக வேண்டும். இதை யாரும் பின்தொடர்வதில்லை, ஆடிட்டில் முதலில் மாட்டுவதும் இதுதான். கடன் கொடுக்கும் நாளிலேயே 75ஆம் நாளுக்கு ஒரு நினைவூட்டலைக் கணினியில் போட்டுவிட்டால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீரும்.

இரண்டாவது, ஆதார் எண். நகலில் முதல் எட்டு இலக்கத்தை மறைத்துத்தான் வைக்க வேண்டும். பத்து ஆண்டுக் கோப்புகளில் மறைக்காத நகல் கிடந்தால் ஒவ்வொன்றையும் எடுத்துத் திருத்த ஆள்கூலி ஆகும். இன்றைக்கு வாங்கும் நகலை இன்றைக்கே மறைப்பதுதான் சிக்கனம்.

மூன்றாவது போலி அட்டை. ஆதார் அட்டையில் படத்தை மாற்றி அச்சடிப்பது எளிது. அதன் க்யூஆர் குறியீட்டுக்குள் இருக்கும் பெயரும் படமும் டிஜிட்டல் கையொப்பம் இட்டவை, அதை மாற்ற முடியாது. ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால் உள்ளே இருக்கும் படம் தெரியும். கட்டணம் இல்லை, அரை நிமிடம் போதும். சாதாரண க்யூஆர் செயலியில் பார்த்தால் நீளமான எண் மட்டும்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு 'ஸ்கேன் ஆகிறது, சரிதான்' என்று விடுவது ஆபத்து.

## ஆதார் கைரேகை, முகம்: வாடிக்கையாளர் எதிரே இருக்கும்போது

வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்க, கைரேகையோ முகமோ ஆதார் தளத்தோடு ஒத்துப்போனால் முழு கேஒய்சி ஆகிவிடும். தொகை வரம்பு இல்லை. இன்னொரு பெரிய வசதி, ஆதாரில் உள்ள முகவரியில் இப்போது வசிக்கவில்லை என்றால் தற்போதைய முகவரியை வாடிக்கையாளரே எழுதிக் கொடுத்தால் போதும். மேலே சொன்ன மூன்று மாதத் துரத்தல் இங்கே கிடையாது. இடம்பெயர்ந்த தொழிலாளர் அதிகம் உள்ள ஊர்களில் இது ஒன்றே இந்த வழியை லாபமாக்கிவிடும்.

ஆதார் ஆணையத்தின் கட்டணம் 2019இல் ஒரு இ-கேஒய்சிக்கு (ஆதார் தளம் வழியே செய்யும் ஒரு சரிபார்ப்புக்கு) 20 ரூபாயாக இருந்தது, 2021இல் 3 ரூபாய் ஆனது. பலரை இழுப்பது இந்த 3 ரூபாய்தான். ஆனால் என்பிஎஃப்சி இதை நேரடியாகத் தொடங்க முடியாது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட பிரிவை ரத்து செய்தது. அதன்பின் 2019இல் சட்டத்தைத் திருத்தி, வங்கி அல்லாத நிறுவனங்கள் அரசு அறிவிக்கை பெற்றால் பயன்படுத்தலாம் என்று வழி செய்தார்கள். 2021 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி என்பிஎஃப்சிகளை விண்ணப்பிக்க அனுமதித்தது. விண்ணப்பம், அறிவிக்கை, ஆதார் எண்ணைக் கணினியில் தனியே பூட்டி வைக்கும் மின்பெட்டகம், அதன் மறைசாவியைக் காக்கும் கருவி, ஆண்டுதோறும் ஆடிட் என்று நிலையான செலவு அடுக்கடுக்காக வரும். நான்கு கிளை உள்ள நிறுவனம் இதைத் தாங்காது. நானூறு கிளை உள்ள நிறுவனத்துக்கு வாடிக்கையாளருக்குச் சில ரூபாயாகக் கரைந்துவிடும்.

கைரேகைக் கருவியைப் பற்றி ஒன்று. செங்கல் சூளை, சிமெண்ட், சுண்ணாம்பு, பாத்திரம் துலக்கும் வேலையில் இருப்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். நாலு முறை விரல் வைத்தும் வராமல், அந்த அம்மா கையைத் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கும்போது வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். தவறு அவரிடம் இல்லை. இரண்டு முறை தவறினால் முகத்தை வைத்துச் சரிபார்ப்பது, அதுவும் தவறினால் ஒரிஜினல் ஆவணத்துக்குப் போவது என்று எழுத்துபூர்வமான மாற்றுவழி கிளையில் இருக்க வேண்டும். அது இல்லாத கிளைகளில் ஊழியர்கள் இத்தகையவரை 'நாளைக்கு வாங்க' என்று அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அவர் திரும்பி வருவதில்லை.

## ஆதார் ஓடிபி: விலையில் மலிவு, முடிவில் இல்லை

செயலியில் ஆதார் எண்ணைத் தட்டி, வந்த ஓடிபியைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் பெயர், முகவரி, படம் எல்லாம் வந்துவிடும். வழுக்கிக்கொண்டு போகும் இந்த வேகத்துக்குத்தான் ஆன்லைன் கடன் நிறுவனங்கள் மயங்குகின்றன. உரிமம் வேண்டும் என்பது இதற்கும் பொருந்தும்.

வாடிக்கையாளர் நேரில் இல்லாமல் ஓடிபியை மட்டும் வைத்துச் சேர்த்தால் கட்டுப்பாடுகள் உண்டு. தவணைக் கடன் மட்டுமே தரலாம், அதுவும் ஓராண்டில் மொத்தம் 60,000 ரூபாய்க்குள். எடுத்து எடுத்துக் கட்டும் சுழல்கடன் கூடாது. ஓராண்டுக்குள் முழு கேஒய்சி முடியாவிட்டால் அந்தக் கணக்கில் மேற்கொண்டு கடன் தர முடியாது. வேறெங்கும் இதே முறையில் கணக்கு தொடங்கவில்லை என்று வாடிக்கையாளரிடம் உறுதிமொழியும் வாங்க வேண்டும்.

இனி கணக்கு. விளங்குவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை, உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். வெண்டர் கட்டணமும் சேர்த்து ஒரு முயற்சிக்கு 8 ரூபாய் என்று வைப்போம்.

- 1,000 பேர் தொடங்குகிறார்கள். ஓடிபி வராமல் மறுபடி அழுத்தியதையும் சேர்த்து 1,150 முயற்சி: 9,200 ரூபாய்.
- 150 பேரின் ஆதாரில் இப்போதைய மொபைல் எண் இல்லை. அவர்கள் அத்தோடு போய்விடுகிறார்கள்.
- மீதி 850 பேரில் 130 பேரின் ஆதார் பெயரும் பான் பெயரும் ஒத்துப்போகவில்லை. ஆளுக்கு 10 நிமிடம் ஊழியர் பார்க்கிறார்: 2,600 ரூபாய். அதில் 30 பேர் தேறவில்லை.
- தேறியவர் 820 பேர். செலவு 11,800 ரூபாய். ஆளுக்கு 14 ரூபாய்.

இதுவரை அருமை. ஓராண்டு முடியும்போது இவர்களில் 500 பேரை அடுத்த கடனுக்குத் தக்கவைக்க விரும்புகிறீர்கள். எல்லாரையும் வீடியோ கேஒய்சிக்குக் கொண்டுவர ஆளுக்கு 108 ரூபாய் ஆகும் (கணக்கு கீழே வருகிறது), அதாவது 54,000 ரூபாய். மொத்தம் 65,800 ரூபாய். தங்கிய 500 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 132 ரூபாய். கிளையில் 61 ரூபாயில் முடியும் வேலை இங்கே இரட்டிப்பைத் தாண்டிவிட்டது.

இதையே திருப்பிப் பாருங்கள். நீங்கள் தருவது 15,000 ரூபாய், ஆறு மாதக் கடன், ஒருமுறை வாங்கியவர் மறுபடி வருவது குறைவு என்றால் அந்த 14 ரூபாயோடு கதை முடிகிறது. அப்போது ஓடிபிதான் சரியான தேர்வு. கடனின் ஆயுள் ஓராண்டைத் தாண்டுமா என்ற ஒரே கேள்வி இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

### பெயர் ஒத்துப்போகாமை என்ற தனிச் செலவு

தமிழ்நாட்டில் தொழில் செய்பவர்கள் இதற்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். நம் வழக்கம் இனிஷியல். ஆதாரில் 'முருகன் எஸ்' என்று இருக்கும். பான் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் இடத்தில் இனிஷியல் மட்டும் போடக் கூடாது என்பதால் அப்பா பெயரை விரித்து 'செல்வராஜ் முருகன்' என்று வாங்கியிருப்பார். திருமணத்துக்குப் பின் பெண்களின் இனிஷியல் ஓர் அட்டையில் மாறியும் மற்றொன்றில் மாறாமலும் இருக்கும். லட்சுமி, தமிழ்ச்செல்வி, அழகு போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு, அதிலும் 'ழ'கரம் வந்தால் சொல்லவே வேண்டாம்.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரித்து ஒப்பிடும்படி எழுதிய மென்பொருள் இவர்கள் எல்லாரையும் தவறு என்று சொல்லும். ஒத்துப்போகும் அளவு 90 சதவீதம் வேண்டும் என்று வெண்டர் வைத்துத் தருவதை அப்படியே விட்டால் உண்மையான வாடிக்கையாளர்கள் கூட்டமாக வெளியே போவார்கள். 60க்குக் குறைத்தால் ஆள்மாறாட்டம் உள்ளே வரும். செய்ய வேண்டியது வேறு: பெயர்ச்சொற்களின் வரிசையைக் கணக்கில் எடுக்காமல் ஒப்பிடச் சொல்வது, ஒற்றை எழுத்து விரிந்த பெயரின் முதல் எழுத்தோடு பொருந்தினால் ஏற்கச் சொல்வது, பிறந்த தேதியும் பாலினமும் அச்சாக ஒத்துப்போனால் மட்டும் பெயருக்குத் தளர்வு தருவது. இந்த மூன்று விதியையும் எழுதிக் கொடுத்து, உங்கள் பழைய வாடிக்கையாளர் 200 பேரின் பெயர்களை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். செய்ய முடியாது என்று சொல்லும் வெண்டரின் குறைந்த விலை உங்களுக்குப் பயன்படாது.

## டிஜிலாக்கர்

டிஜிலாக்கரில் அரசுத் துறையே வெளியிட்ட ஆவணம் ஒரிஜினலுக்குச் சமம். எடுப்பதற்குப் பெரிய செலவும் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் நேரில் வராமல் இதை மட்டும் வைத்துச் சேர்த்தால் அவரை இடர் அதிகமுள்ளவர் வகையில் போட வேண்டும், நேரிலோ வீடியோவிலோ பார்க்கும் வரை கூடுதல் கண்காணிப்பு வேண்டும். முதல் பணப்பரிமாற்றம் அவருடைய கேஒய்சி முடிந்த வங்கிக் கணக்கிலிருந்து வர வேண்டும். முகவரியைக் கடிதம் அனுப்பியோ ஆள் அனுப்பியோ உறுதி செய்ய வேண்டும். ஆள் ஒருமுறை பைக்கில் போய்வரும் செலவு, ஆன்லைன் கட்டணத்தில் மிச்சம் பிடித்ததை எல்லாம் தின்றுவிடும். தனி வழியாக இதை எடுக்காதீர்கள். வீடியோ அழைப்புக்கு முன்னால் ஆவணம் சேகரிக்கும் படியாக வைத்தால் மிக நல்லது.

## சிகேஒய்சி

செர்சாய் என்ற மத்தியப் பதிவு நிறுவனம் நடத்தும் மையப் பதிவேடு இது. ஒருமுறை எங்காவது கேஒய்சி கொடுத்தவருக்கு 14 இலக்க எண் இருக்கும். 2024 நவம்பர் திருத்தத்துக்குப் பிறகு, அந்த எண்ணை வைத்துப் பதிவை எடுப்பதே முதல் வேலை, விவரம் மாறியிருந்தாலோ குறைவாக இருந்தாலோ ஆவணம் காலாவதியாகியிருந்தாலோ கூடுதல் சரிபார்ப்பு தேவைப்பட்டாலோ மட்டுமே புதிதாகக் கேட்க வேண்டும். ஆகவே இது விருப்பத் தேர்வு அல்ல. கேள்வி இதை எவ்வளவு நம்பலாம் என்பது மட்டும்தான்.

பழைய பதிவுகளில் படம் கருத்திருக்கும், முகவரி இரண்டு வீடு மாறியிருக்கும். பதிவை எடுத்தும் ஊழியர் பத்து நிமிடம் பேசி விவரத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்தால் 20 ரூபாய் ஆகிவிடும். அப்படியும் கிளையில் புதிதாகச் செய்வதில் மூன்றில் ஒரு பங்குதான். உங்கள் தரப்பிலிருந்து புது வாடிக்கையாளரின் பதிவை 10 நாளுக்குள் ஏற்ற வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். படத்தின் அளவு, பின்கோடு, மாவட்டக் குறியீடு தவறினால் பதிவு திரும்பி வரும், திரும்பி வந்ததை எடுத்துச் சரிசெய்ய ஒருவரைப் பொறுப்பாக்காத நிறுவனங்களில் அது மாதக்கணக்கில் கிடக்கும்.

## வீடியோ கேஒய்சி

அதிகாரி வீடியோ அழைப்பில் வாடிக்கையாளரைப் பார்த்துச் சரிபார்க்கும் இந்த முறையை ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அனுமதித்து 2021 மே மாதம் விரிவாக்கியது. நேரில் பார்த்ததற்குச் சமம், தொகை வரம்பு இல்லை. ஊர் ஊராகக் கிளை திறக்காமல் தமிழ்நாடு முழுக்கக் கடன் கொடுக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் செலவு ஒளிந்திருக்கும் இடங்களும் இதில்தான் அதிகம்.

அழைப்பை நடத்துபவர் உங்கள் நிறுவனத்தின் சொந்த அதிகாரியாக இருக்க வேண்டும். வெண்டர் மென்பொருள் தரலாம், ஆள் தரக் கூடாது. 'ஆளும் நாங்களே தருகிறோம்' என்று வரும் மலிவு விலையை அங்கேயே நிறுத்துங்கள். அழைப்பு முடிந்தபின் இன்னொருவர் ஆடிட் செய்து ஒப்புதல் தந்த பிறகே கணக்கு இயங்க வேண்டும். வாடிக்கையாளர் இந்தியாவுக்குள் இருப்பதை இருப்பிடக் குறியீடு காட்ட வேண்டும், பதிவுகள் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும், செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் உள்ள ஆடிட்டர் பாதுகாப்புச் சோதனை செய்திருக்க வேண்டும்.

அழைப்பு எங்கே உடைகிறது என்று பார்த்தால் காரணங்கள் சில்லறையாகத் தோன்றும், ஆனால் பணம் கரைவது இங்கேதான்:

- அச்சடித்த இ-பான். நெட் சென்டரில் இ-பானை (மின்னணுப் பான் அட்டையை) அச்சடித்து லேமினேஷன் போட்டு வைத்திருப்பவர்கள் ஏராளம். வீடியோவில் அதைக் காட்டினால் ஏற்கக் கூடாது. அசல் அட்டை வேண்டும், அல்லது டிஜிலாக்கரிலிருந்து இ-பானை எடுக்க வேண்டும். இதை அழைப்புக்கு முந்தைய குறுஞ்செய்தியிலேயே தமிழில் சொல்லிவிட வேண்டும்.
- மூன்று வேலைநாள். ஆஃப்லைன் ஆதார் கோப்போ (வாடிக்கையாளரே ஆதார் தளத்திலிருந்து இறக்கித் தரும், டிஜிட்டல் கையொப்பமிட்ட கோப்பு) க்யூஆரோ எடுத்து மூன்று வேலைநாளுக்குள் அழைப்பு நடக்க வேண்டும். திங்கட்கிழமை எடுத்தவருக்கு அடுத்த வாரம் நேரம் ஒதுக்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.
- பக்கத்திலிருந்து சொல்லித் தருவது. அம்மாவுக்கு மகன் பக்கத்தில் நின்று பதில் சொல்லிக்கொடுப்பது நம் வீடுகளில் இயல்பு. அழைப்பில் அது தெரிந்தால் நிராகரிக்க வேண்டும். 'போனைப் பிடித்துத் தரலாம், பதில் அவரே சொல்ல வேண்டும்' என்று முதலிலேயே சொன்னால் நிராகரிப்பு குறையும்.
- மொழி. இந்தியோ ஆங்கிலமோ மட்டும் தெரிந்த அதிகாரி மதுரைப் பக்கத்து வாடிக்கையாளரிடம் நான்கு கேள்வி கேட்டு முடிப்பதற்குள் அழைப்பு துண்டிக்கப்படும். துண்டிப்பு என்றால் புது அழைப்பு, புதுக் கட்டணம்.
- நேரம். கூலி வேலைக்குப் போகிறவர் மாலை ஆறு மணிக்கு மேல்தான் ஓய்வாக இருப்பார். பத்து முதல் ஆறு வரை மட்டும் அதிகாரி உட்கார்ந்தால் அவர் காலியாகவே உட்கார்ந்திருப்பார்.

கண்ணைச் சிமிட்டச் சொல்லி உயிருள்ள ஆள்தானா என்று பார்ப்பதும் உண்டு. பார்வையற்றோரும் அமிலத் தாக்குதலில் கண் பாதிக்கப்பட்டோரும் இதனால் வெளியே தள்ளப்படுவதை 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டு, எல்லாரும் பயன்படுத்தும்படி டிஜிட்டல் கேஒய்சியை மாற்ற உத்தரவிட்டது. தலையைத் திருப்புவது, எண்களைச் சொல்வது போன்ற மாற்று இல்லாத மென்பொருளை இனி வாங்குவது, திரும்பவும் பணம் கொடுத்து மாற்றுவதற்கு முன்பணம் கட்டுவதுதான். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், ஒருவரை அவருடைய உடலைக் காரணம் காட்டி வாசலிலேயே நிறுத்தும் முறையை எந்த நிறுவனமும் வைத்திருக்கக் கூடாது.

எண்களைப் போடுவோம், இவையும் எடுத்துக்காட்டுதான். 1,000 பேருக்கு இணைப்பு அனுப்புகிறீர்கள். 550 பேர் வருகிறார்கள். துண்டிப்பு, மறுமுயற்சி சேர்த்து 700 அழைப்பு. 420 பேர் முடிக்கிறார்கள், ஆடிட்டில் 390 பேர் தேறுகிறார்கள்.

- அழைப்புக்கு 25 ரூபாய் வீதம் 700: 17,500 ரூபாய்.
- அழைப்பு 6 நிமிடம்தான். அதிகாரி பாதி நேரம் காத்திருப்பதால் சம்பளம் கொடுக்கும் நேரம் 12 நிமிடம், நிமிடம் 2 ரூபாய் வீதம்: 16,800 ரூபாய்.
- ஆடிட் ஆளுக்கு 4 நிமிடம், நிமிடம் 3 ரூபாய்: 5,040 ரூபாய்.
- வராத 450 பேருக்கு நினைவூட்ட 3 நிமிட அழைப்பு: 2,700 ரூபாய்.

மொத்தம் 42,040 ரூபாய். தேறிய ஒருவருக்கு 108 ரூபாய். விலைப்பட்டியலில் 25 ரூபாய் என்று இருந்தது.

இதன்மேல் கட்டமைப்பு, பாதுகாப்புச் சோதனை, பதிவுச் சேமிப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். மாதம் 390 பேர் தேறினால் ஆளுக்கு மேலும் 256 ரூபாய் ஏறி 364 ஆகும். மாதம் 5,000 பேர் தேறினால் 20 ரூபாய் மட்டும் ஏறி 128இல் நிற்கும். மாதம் சில நூறு பேருக்கு வீடியோ கேஒய்சி வைப்பது பெருமைக்கு ஆகும், கணக்குக்கு ஆகாது.

இங்கே செலவைக் குறைக்கும் பிடி வெண்டர் விலை அல்ல. 25 ரூபாயை 20 ஆக்கினால் தேறியவருக்கு 9 ரூபாய் குறையும். அதிகாரியின் காத்திருப்பைக் குறைத்து 12 நிமிடத்தை 8 ஆக்கினால் 14 ரூபாய் குறையும், முன்பதிவு நேரத்தையும் மாலை ஷிப்டையும் ஒழுங்கு செய்தாலே அது நடக்கும்.

## எல்லா வழிக்கும் பொதுவான மறைசெலவு

ஜிஎஸ்டி. வெண்டர் விலைக்கு மேல் 18 சதவீதம். பல என்பிஎஃப்சிகள் ஜிஎஸ்டி சட்டத்தின் 17(4) பிரிவின்படி உள்ளீட்டு வரியில் (வாங்கிய சேவைக்குக் கட்டிய வரியில்) பாதியை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. எனவே 100 ரூபாய் பில்லின் உண்மை விலை 109.

தரவு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இன்படி, பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. இணையப் பாதுகாப்பு மீறல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்ற ஆணை 2022லிருந்தே இருக்கிறது. ஊழியர்கள் ஆதார் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி அனுப்பும் பழக்கம் உங்கள் கிளைகளில் இருந்தால் எந்தக் கேஒய்சி முறையைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன் அதை நிறுத்துங்கள்.

தவறின் விலை. கறுப்புப் பண மாற்றத் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி ஒவ்வொரு தவறுக்கும் 10,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரே குறை ஆயிரம் கோப்பில் இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எது

பத்துப் பதினைந்து கிளையுள்ள நகைக்கடன் நிறுவனம்: சிகேஒய்சி முதலில், கிடைக்காதவருக்கு ஒரிஜினல் பார்த்து கேஒய்சி, ஆதார் க்யூஆர் ஸ்கேன் கட்டாயம். வீடியோவுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

கிராமங்களில் குழுக்கடன் தரும் பெரிய நிறுவனம்: உரிமம் வாங்கி நேரில் கைரேகை அல்லது முகம். தேய்ந்த ரேகைக்கு மாற்றுவழி எழுத்தில்.

செயலி வழியே ஓராண்டுக்கு மேல் ஓடும் கடன், மாதம் ஆயிரக்கணக்கில் வாடிக்கையாளர்: நேரடியாக வீடியோ. ஓடிபியில் தொடங்கிப் பிறகு வீடியோவுக்கு மாற்றலாம் என்பது இரண்டு செலவையும் சுமப்பது. விதிவிலக்கு, முதல் கடனைக் கட்டுவாரா என்று பார்த்துவிட்டு நல்லவரை மட்டும் மேலே கொண்டுபோகும் திட்டம். அங்கே ஓடிபி வடிகட்டியாக வேலை செய்கிறது, அந்தச் செலவுக்குப் பலன் உண்டு.

## ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை

கட்டணம் முயற்சிக்கா, வெற்றிக்கா? ஆதார் தளமோ பான் தளமோ நின்றுபோன நேரத்தில் தோற்ற முயற்சிக்கும் கட்டணமா? மாதக் குறைந்தபட்சத் தொகை உண்டா? தீபாவளிக்கு முன் கூட்டம் வரும், பிறகு இரண்டு மாதம் வராது. குறைந்தபட்சத் தொகையை மாதக் கணக்கில் வைக்காமல் ஆண்டுக் கணக்கில் வைக்கச் சொல்லுங்கள். வீடியோ பதிவுகளைச் சேமிக்க முதல் ஆண்டு இலவசம் என்றால் இரண்டாம் ஆண்டிலிருந்து என்ன விலை?

கடைசியாக, ஒப்பந்தம் முறியும் நாள். வாடிக்கையாளர் உறவு முடிந்து 5 ஆண்டு வரை ஆவணத்தைப் பாதுகாக்கும் கடமை உங்கள் பெயரில்தான் இருக்கிறது, வெண்டர் பெயரில் இல்லை. எல்லாப் பதிவுகளையும் எந்த வடிவில், எத்தனை நாளில், என்ன கட்டணத்தில் திருப்பித் தருவார், தன்னிடம் உள்ள நகலை அழித்ததற்கு என்ன சான்று தருவார் என்பது எழுத்தில் இல்லையென்றால் கையெழுத்திடாதீர்கள்.